ஓடைக்கு வடக்குப் பக்கம்

இதை நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்பது எனக்கே ஐயம். அந்த முதற் கூட்டம் பனி கொட்டிய நாளில் நடந்ததா, பனி உருகிய நாளில் நடந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கொத்துரொட்டி தீர்மானத்துக்கு முன்பு வந்ததா, பின்பு வந்ததா என்பதிலும் இரண்டு கருத்து உண்டு. ஆனால் ஒன்றில் மயக்கமே இல்லை. எத்தனையோ ஞானிகளும் புரட்சியாளரும் முயன்று தோற்ற ஒரு காரியத்தை, ஸ்காபரோவில் ஒரு விருந்து மண்டபத்தின் பின்னறையில், ஒரே பின்னேரத்தில், கைகளை உயர்த்தியே முடித்துவைத்தவர்கள் ஹார்வெல் கவுண்டித் தமிழர் ஒன்றியத்தார். அவர்கள் மனிதருக்குள் ஏற்றத்தாழ்வை ஒழித்தார்கள்.

ஒழித்த முறை எளிமையானது. ஒன்றியத்தின் யாப்பிலே, அதாவது அதன் சட்டப் புத்தகத்திலே, முதலாவது விதி இப்படிச் சொல்கிறது: ‘அங்கத்தவர் எவரும் இன்னோர் அங்கத்தவரிடம், ஊரில் நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்கலாகாது.’ அந்தக் கேள்வி எதை அறிவதற்காகக் கேட்கப்படுகிறது என்பதை யாப்பு சொல்லவில்லை. அந்தச் சொல்லை எழுதினால் யாப்புக்குத் தீட்டாகிவிடும் என்று தலைவர் நிசாந்தன் கருதினார்.

ஹார்வெல் என்பது அஜக்ஸையும் தாண்டி, 401 நெடுஞ்சாலையை விட்டு வடக்கே ஏறினால், சோளக் காட்டின் நடுவில் திடீரென்று முளைத்திருக்கும் ஒரு வீட்டுத் தொகுதி. ஒரே நிறச் செங்கல், ஒரே அளவு கராஜ், ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் தவறிப்போய் மணி அடிக்கக்கூடிய ஒற்றுமை. ரொரன்ரோவுக்குள் வீடு வாங்க முடியாத யாழ்ப்பாணத்தாரும் மட்டக்களப்பாரும் அங்கே அக்கம்பக்கமாகக் குடியேறினார்கள். நிசாந்தன் வீட்டுக் கடன் எடுத்துக் கொடுப்பவர். அவர்களில் பாதிப் பேருக்கு அந்த வீடுகளைச் சாத்தியமாக்கியவரும் அவரே. ஆகவே தலைவர் பதவிக்குப் போட்டி இருக்கவில்லை.

முதலாவது விதி நிறைவேறிய பிறகு ஒரு சங்கடம் தலைகாட்டியது. பிறந்தநாள் விழாக்களில் இருவர் சந்தித்தால் பெயரைச் சொன்னார்கள். வேலையைச் சொன்னார்கள். அதற்குப் பிறகு கேட்பதற்கு ஒன்றுமில்லாமல் இரண்டு பேரும் கையில் இருந்த மீன் றோல்ஸைப் பார்த்தார்கள். மனிதரை அவரவர் பெயரைக் கொண்டு மட்டுமே அறியவேண்டிய அவல நிலை. அந்த நிலையை எத்தனை பேர் எவ்வளவு பொறுமையோடு தாங்கினார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நெகிழ்கிறது.

இந்தத் துன்பத்தைத் தீர்த்துவைத்தவர் தியாகலிங்கத்தார். தீர்க்கவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை.

தியாகலிங்கத்தார் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை பார்த்து இளைப்பாறியவர். நிறைய வாசிப்பவர், அதனாலோ என்னவோ குறைவாகப் பேசுபவர். அவரிடம் எதைக் கேட்டாலும் மறுமொழி வருவதற்குள், கேட்டவர் தன் கேள்வியைத் தானே திருத்தி, தானே பதிலும் சொல்லி, நன்றியும் தெரிவித்துவிட்டுப் போய்விடுவார். ஒன்றியத்தில் இது ‘ஆழம்’ என்று மதிக்கப்பட்டது. வீட்டில் அவருடைய மனைவி தவமணி இதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்.

அந்த வருடம் அவர்களுடைய ஒரே மகள் துவாரகாவுக்குக் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. பேசி என்ன, அவளே பேசி முடித்துவிட்டுத்தான் வந்து சொன்னாள். மருந்துக்கடையில் பார்மசிஸ்ற்றாக இருந்தவள். மாப்பிள்ளை ஜெயந்தன், நில அளவைக் கம்பனி ஒன்றில் கணினியில் வரைபடம் போடுகிறவன். மட்டக்களப்புப் பக்கத்துக் குடும்பம். தகப்பன் குஞ்சித்தம்பி ஹார்வெலிலேயே, நாலு தெரு தள்ளி இருந்தார். யாழ்ப்பாணத்துத் தவமணி முதல் நாள் கொஞ்சம் அழுதார். இரண்டாம் நாள் முதலாவது விதியை நினைத்துக்கொண்டார். மூன்றாம் நாளில் இருந்து, தான் எவ்வளவு முற்போக்கானவர் என்று எல்லோருக்கும் ரெலிபோனில் சொல்லத் தொடங்கினார்.

அப்போதுதான் நிசாந்தன் வந்து சோபாவில் அமர்ந்தார்.

“அண்ணை, ஒன்றியத்தின்ர முதலாவது மலர் வெளியிடப்போறம். ஊர் வரலாறு இல்லாத மலர் ஒரு மலரே? நீங்கள்தான் எழுதவேணும்.”

தியாகலிங்கத்தார் யோசித்தார். “எந்த ஊர்?” என்றார் கடைசியில்.

“பழைய ஊர் எழுத ஏலாது, விதி இடிக்கும். இதுதானே இப்ப எங்கட ஊர். ஹார்வெலை எழுதுங்கோ.”

“நாங்கள் வந்து ரெண்டு விண்டர்தானே.”

“அப்ப அதுக்கு முந்தினதை எழுதுங்கோ. எவ்வளவு முந்தியோ அவ்வளவு மதிப்பு.”

இப்படித்தான் ‘பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹார்வெல் கவுண்டி: நிலமும் பொருளாதாரமும்’ என்ற கட்டுரை பிறந்தது.

அவர் நூலகத்துக்குப் போனார். வாசித்தார். வாசிக்க வாசிக்க, அறுபத்தெட்டு வயதில் ஒரு மனிதர் காதலில் விழக்கூடிய விதமாக, அந்தப் பழைய கவுண்டியின், அந்தக் கால மாவட்டத்தின், மீது விழுந்தார். அங்கே முதலில் காடு இருந்தது. மூன்று பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத மேப்பிளும் எல்ம் மரமும். கடல் தாண்டிக் காணிக்கென்று வந்த ஏழைக்கு அந்த மரங்கள் செல்வமாகத் தெரியவில்லை, இடைஞ்சலாகத்தான் தெரிந்தன. வெட்டினான், குவித்தான், கொளுத்தினான். சாம்பலில் தண்ணீர் ஊற்றி வடித்து, வடித்ததைப் பெரிய இரும்புச் சட்டியில் காய்ச்சிக் கட்டியாக்கி, பீப்பாயில் அடைத்து, மாட்டுவண்டியில் ஏற்றி ஏரிக்கரைத் துறைக்குக் கொண்டுபோனான். சீமையில் சவர்க்காரம் காய்ச்சுவதற்கும் துணி வெளுப்பதற்கும் அந்தக் காரம் கப்பலேறியது. முதல் கோதுமை விளையும்வரை அந்தக் குடும்பங்களைக் காப்பாற்றியது, தாங்களே எரித்த காட்டின் சாம்பல். இந்த வரியை எழுதிவிட்டுத் தியாகலிங்கத்தார் வெகுநேரம் ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு கோதுமை. பிறகு பலகை பதித்த ரோடும் அதிலே வரி வாங்கும் படலையும். கவுண்டியின் நடுவால் கிழக்கு மேற்காக ஓர் ஓடை ஓடியது. ஓடைக்கு வடக்கே மேட்டு நிலம், நல்ல மண். அங்கே மக்கெய் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் தண்ணீர் விசையில் மாவாலை வைத்திருந்தார். ஆலையைச் சுற்றி அவருடைய கோதுமை வயல். தெற்கே பள்ளம், களிமண். அங்கே டூலன் என்ற அயர்லாந்துக்காரர் தோல் பதனிட்டார். தோல் ஊறுகிற தொட்டிகளும், அதில் வேலை செய்தவர்களின் குடிசைகளும், மணமும் தெற்கில் இருந்தன. வடக்கின் மாவும் தெற்கின் சப்பாத்துத் தோலும் ஒரே வண்டியில் துறைக்குப் போயின.

இதற்கு ஒரு வரைபடம் இருந்தால் வாசகருக்கு விளங்கும் என்று அவருக்குத் தோன்றியது. வருங்கால மாமனாரைச் சந்தோசப்படுத்த வழி தேடிக்கொண்டிருந்த ஜெயந்தன், பழைய கவுண்டி வரைபடத்தின் மேல் இன்றைய தெருக்களையும் வீடுகளையும் கணினியில் பொருத்திக் கொடுத்தான்.

“அங்கிள், இற்ஸ் வெரி அக்குறேற். பிழைச்சாலும் கார் விடுற ஒரு றைவ்வே அளவுதான் பிழைக்கும்.”

“ஓடை இப்ப எங்க?”

“பில்டர் குழாய்க்குள்ள போட்டு மேலால ரோட்டுப் போட்டிட்டான். இப்பவும் ஓடுது. நாங்கள்தான் காணேல்ல.”

தியாகலிங்கத்தார் அவனைப் பார்த்துச் சிரித்தார். அவர் யாரையும் பார்த்துச் சிரிப்பது அரிது. துவாரகா அதைக் கவனித்துவிட்டு அன்றிரவு தாயிடம் சொன்னாள்.

வரைபடம் அச்சுக்குப் போகுமுன் ஒன்றியத்தின் வட்ஸ்அப் குழுவுக்குப் போனது. ‘எமது ஊர்! எமது வரலாறு!’ என்று நிசாந்தன் மேலே எழுதி, இரண்டு கொடியும் போட்டார். கட்டுரையை யார் வாசித்தார்கள் என்று தெரியாது. சாம்பலைப் பற்றி எவரும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் வரைபடத்தை ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு விரலால் விரித்து விரித்துப் பெருப்பித்து, தங்கள் தங்கள் கூரையைக் கண்டுபிடித்தார்கள்.

முதலில் ரெலிபோன் எடுத்தவர் ஒன்றியத்தின் செயலாளர் யோகராணி. கல்யாணம் பொருத்துவதில் பெயர் போனவர். முதலாவது விதியால் தொழில் படுத்துப்போய், ஜாதகத்தை மட்டும் வைத்துக் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தவர்.

“தவமணியக்கா, எங்கட வீடு எதில நிக்குது தெரியுமே? கோதுமையில! நான் அப்பவே இவருக்குச் சொன்னனான், இந்த வீட்டுக்குள்ள கால் வைக்கேக்கயே ஒரு ஐசுவரியம் தெரியுதெண்டு. நீங்கள் அதைவிட மேல. ஆலைக்காரன்ர வீட்டு வாசலில இருக்கிறியள். அண்ணையின்ர முகத்தைப் பாத்தாலே தெரியும்.”

“அப்பிடியே?” என்றார் தவமணி. அவருடைய குரலில் ஒரு புதிய நிமிர்வு ஏறியது. “தெற்குப் பக்கம் ஆர் ஆர்?”

யோகராணி சொன்னார். சொல்லிக்கொண்டு வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தி இருமினார்.

ஹார்வெல் மீண்டும் உயிர் பெற்றது. அடுத்த பிறந்தநாள் விழாவில் எவரும் றோல்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. “நீங்கள் எந்தப் பக்கம்?” என்று கலகலப்பாகக் கேட்டார்கள். ‘ஊரில்’ என்று கேட்டால்தானே விதி மீறல்? வடக்கில் இருந்தவர்களுக்கு ‘ஆலையடியார்’ என்றும் தெற்கில் இருந்தவர்களுக்குத் ‘தொட்டியடியார்’ என்றும் பெயர் விழுந்தது. யார் வைத்ததென்று தெரியாது. அப்படியான பெயர்களை ஒருபோதும் ஒருவரும் வைப்பதில்லை. ஒரு வீட்டில் தொட்டியடியாருக்கு மட்டும் தேநீர் பேப்பர் கப்பில் வந்தது. கேட்டதற்கு, சுற்றுச்சூழலுக்காக என்றார்கள். தெற்குப் பக்கத்துப் பிள்ளைகளோடு ஒரே காரில் நீச்சலுக்குப் போய்வந்த பிள்ளைகள், தனித்தனிக் காரில் போனார்கள். அதுவும் சுற்றுச்சூழலுக்காகத்தான் இருக்கவேண்டும்.

“நாங்கள் அந்த விசயமெல்லாம் பாக்கிறேல்லை,” என்றார் யோகராணி. “ஆனா வீடு நிக்கிற லொட் பாக்கத்தானே வேணும்.”

குஞ்சித்தம்பியின் வீடு டூலனின் மூன்றாவது தொட்டியின் மேல் நின்றது. அதை அந்த இடத்தில் அவ்வளவு துல்லியமாக வைத்தவன் அவருடைய மகன்.

ஒரு பின்னேரம், தியாகலிங்கத்தார் புத்தகத்தோடு இருக்க, தவமணி முன்னால் வந்து நின்றார்.

“இஞ்சருங்கோ. கல்யாணத்தைக் கொஞ்சம் பின்னுக்குப் போடுவமே?”

அவர் புத்தகத்தை மூடினார்.

“மட்டக்களப்பு எண்டு நான் ஒரு சொல்லுச் சொன்னனானோ? இல்லை. சனம் என்ன கேட்டாலும், பிள்ளை நல்ல பிள்ளை எண்டுதானே சொன்னனான்? ஆனா இது வேற, அப்பா. ஆலைக்காரன்ர வாசலில இருந்து, தொட்டிக்குள்ள கொண்டுபோய்ப் பிள்ளையை இறக்கிறதோ?”

“அது நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி, தவம். டூலன் ஆரெண்டே எங்களுக்குத் தெரியாது.”

“தெரியாத ஆக்களெண்டா இன்னும் கவனமாயெல்லோ இருக்கவேணும்!”

தியாகலிங்கத்தார் மூடிய புத்தகத்தைத் திரும்ப விரித்தார். தவமணி கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, “அதுதான், நீங்களும் அப்பிடித்தான் நினைக்கிறியள்,” என்று போனார்.

ஒன்றியம் அவசரப் பொதுக்கூட்டம் கூட்டியது. பொருள்: ‘காணி நிலை பற்றிய தெளிவும் அது சார்ந்த நல்லிணக்கமும்’. அதே மண்டபம், அதே பின்னறை. விளக்கேற்றினார்கள். கனடிய கீதமும் தமிழ் வாழ்த்தும் பாடினார்கள். இந்த மண்ணின் முதற்குடிகளுக்கு நன்றி சொல்லும் உரையை, மூச்சு விடாமல், மிக நல்ல உச்சரிப்பில் யோகராணி வாசித்து முடித்தார். பிறகு எல்லோரும் உட்கார்ந்து, காணி யாருடையது என்று சண்டை பிடித்தார்கள்.

“எங்கட வளவை ஒரு அம்பது அடி வடக்கால தள்ள ஏலாதோ?” என்றார் ஒருவர்.

“எங்கட முன்பக்கம் வடக்கு, பின்பக்கம்தான் தெற்கு. நாங்கள் என்ன ஆக்கள்?” என்றார் இன்னொருவர்.

“சமைக்கிறது எந்தப் பக்கம்?” என்று நிசாந்தன் கனிவாக விசாரித்தார்.

பின்வரிசையில் இருந்து குஞ்சித்தம்பி எழுந்தார். பெரிய உடம்பு, கட்டைக் குரல். கையில் வரைபடத்தின் பிரதி. அதிலே சிவப்பு மையால் வட்டம். தியாகலிங்கத்தார் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ‘இந்த மனிதன் இப்போது எங்கள் எல்லோருடைய முகத்திலும் துப்பப்போகிறான். துப்பட்டும்’ என்று நினைத்தார்.

“தலைவர் அவர்களே,” என்றார் குஞ்சித்தம்பி. “எங்கட வீடு தொட்டியில எண்டு கதைக்கிறாங்க. பொய். நான் வடிவா அளந்து பாத்த. கராஜ் மட்டுந்தான் தொட்டியில. குசினியும் சாமியறையும் டூலன்ட கணக்கப்பிள்ளை இருந்து எழுதின கந்தோர்ல கிடக்கு. மறுகா, எங்களுக்கும் கீழ, கடைசித் தொங்கல்ல, குடிசை இருந்த பக்கமும் ஆக்கள் இருக்காங்கதானே? அவங்களையும் எங்களையும் ஒரு கணக்கில சேக்கிறது எந்த ஞாயம்?”

தொங்கல் தெருக்காரர் இருவர் எழுந்து கத்தினார்கள். ஒரு கதிரை விழுந்தது. கூட்டம் நல்லிணக்கத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போது தியாகலிங்கத்தார் எழுந்தார். அவர் எழுந்ததைப் பார்த்ததும் சத்தம் தானாக அடங்கியது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, கட்டுரையின் நாலாம் பக்கத்தில் தான் எழுதியிருந்ததை, ஒருவரும் வாசிக்காததை, சொன்னார்: மாவாலைக்கார மக்கெய்யின் மூத்த மகள், தோல்கார டூலனின் மகனைத்தான் கல்யாணம் செய்தாள். தேவாலயம் வேறு, நாடு வேறு, பக்கமும் வேறு. இரண்டு தகப்பன்மாரும் சேர்ந்துதான் ஓடைக்கு மேல் முதலாவது பாலம் போட்டார்கள்.

தவமணி தலையைக் குனிந்துகொண்டார். ஒரு கணம், ஒரேயொரு கணம், தான் வென்றுவிட்டதாகத் தியாகலிங்கத்தார் நம்பினார்.

நிசாந்தன் பெருமூச்சு விட்டார்.

“பாத்தியளே,” என்றார் சபையைப் பார்த்து. “அதாலதான் உவையள் ஒருத்தரும் இப்ப இஞ்ச இல்லை.”

கைதட்டல் எழுந்தது. ஓயும்வரை தியாகலிங்கத்தார் நின்றுகொண்டேயிருந்தார்.

“அவையளுக்கு முதல் இந்தக் காணி ஆருக்குச் சொந்தம்?” என்றார்.

“அது தொடக்கத்திலயே வாசிச்சாச்சு அண்ணை,” என்றார் யோகராணி. “நீங்கள் இருங்கோ.”

அவர் இருந்தார்.

மறுநாள் நிசாந்தன் வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு பெட்டி லட்டு.

“அண்ணை, நான் உங்களுக்குத் தம்பி மாதிரி. பிள்ளையின்ர கல்யாணம் குழம்பக்கூடாது. ஒரு சின்ன வேலைதான். குஞ்சித்தம்பி அண்ணையின்ர வீட்டடியில ஓடையைக் கொஞ்சம் தெற்கால வளைச்சு விடுங்கோ.”

“ஓடையையோ?”

“குழாய்க்குள்ளதானே ஓடுது. ஆர் கண்டது? ஆறுகள் வளையிறதுதானே இயற்கை. நீங்கள் இயற்கையாத்தான் செய்யிறியள்.”

தியாகலிங்கத்தார் ஜெயந்தனை அழைத்தார். அவன் கேட்டுவிட்டு, சிரிப்பதா என்று பார்த்தான். சிரிக்கவேண்டியதில்லை என்று விளங்கியதும் முகம் வாடியது.

“அங்கிள், ஐ கான்ற். அது ஒரு க்ரீக். நான் மூவ் பண்ண ஏலாது.”

“அப்ப கல்யாணம்?”

“அதுக்கு க்ரீக் என்ன செய்யிறது?” என்றான் அவன்.

நல்ல கேள்வி. தியாகலிங்கத்தார் அதைப் பற்றி மூன்று நாள் யோசித்தார். தவமணி சமைத்ததைச் சத்தமாக வைத்துவிட்டுப் போனார். மண்டபத்துக்காரன் நாளை உறுதிப்படுத்தச் சொல்லிக் கேட்டான். துவாரகா அறைக்கதவை மூடிக்கொண்டு, அப்பா ஏதாவது சொல்வார், சொல்லட்டும் என்று காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை, சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்து, அழிறப்பரால் ஓர் இடத்தில் அழித்து, பென்சிலால் ஒரு வளைவு போட்டார். இவ்வளவு காலமும் நேர்மையாக ஓடிய ஓர் ஓடை, குஞ்சித்தம்பியின் வீட்டைக் கண்டதும் மரியாதையாக ஒதுங்கி, சுற்றிக்கொண்டு போனது.

பின்னேரம் குஞ்சித்தம்பி வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். “சம்பந்தி! எனக்குத் தெரியும், நீங்க நீதியான மனிசன்!” தவமணி பால்தேநீர் போட்டார். பீங்கான் கோப்பையில்.

பிள்ளைகள் இருவரும் வந்தார்கள். துவாரகா மேசையில் கிடந்ததைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அப்பா, இது ஆர் மாத்தினது?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கல்யாணத்துக்கு ஓம் எண்டாச்சு பிள்ளை, இப்ப ஏன் அதெல்லாம்,” என்றார் தவமணி.

“அம்மா, வெயிற். அப்பா, உங்களைத்தான் கேக்கிறன். ஜெயந்தன்ர வீடு வடக்கோ தெற்கோ? ஜஸ்ற் சே இற்.”

அவர் சொல்லவில்லை. சொல்வதற்கு வாய்வரை வந்ததென்று நான் நினைக்கிறேன். வந்ததும் அங்கேயே நின்றது.

“நீங்கள் கோட்டை வளைச்சிருக்கத் தேவையில்லை,” என்றாள் துவாரகா. “தெற்கெண்டாத் தெற்குத்தான், அதுக்கு என்ன எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தாக் காணும். இந்த வீட்டில அம்மாவுக்கு. அவ்வளவுதான்.”

ஜெயந்தன் தகப்பனைப் பார்த்தான். குஞ்சித்தம்பி லட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வடக்குப் பக்கத்து மனிதனாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அப்பாவுக்கு நல்ல சந்தோசம், அங்கிள்,” என்றான் ஜெயந்தன். “அதுதான் எனக்குக் கவலை.”

இருவரும் தேநீர் குடிக்காமல் போனார்கள்.

ஓடை வளையும் என்ற செய்தி பரவியது. அறிவியல் உலகத்துக்கு இது புதிது; ஹார்வெலுக்கு இது நிவாரணம். தெற்குப் பக்கத்தார் ஒருவர் பின் ஒருவராக லட்டோடு வந்தார்கள். குஞ்சித்தம்பிக்கு வளைத்தவர் எங்களுக்கு வளைக்கமாட்டாரோ? நியாயமான கேள்வி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்ன வளைவு. தொங்கல் தெருவுக்கு மட்டும் பெரிய வளைவு. அதற்குப் பெரிய பெட்டி. முடிவில் ஓடை ஜிலேபி பிழிந்தது போல் ஊரைச் சுற்றி, எல்லா வீட்டையும் வடக்கில் விட்டுவிட்டு, வெளியே போய் விழுந்தது. ஹார்வெலில் எல்லோரும் ஆலையடியார் ஆனார்கள். ஒன்றியம் இரண்டாவது முறையாக ஏற்றத்தாழ்வை ஒழித்தது. உலகில் வேறெவரும் அதை ஒரு தடவைகூடச் செய்ததில்லை.

ஆனால் மகிழ்ச்சி இருக்கவில்லை. அடுத்த பிறந்தநாள் விழாவில், “நீங்கள் எந்தப் பக்கம்?” என்று ஒருவர் கேட்டார். “வடக்கு.” “நாங்களும் வடக்கு.” இரண்டு பேரும் றோல்ஸைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் பீங்கான் கோப்பை வைத்ததில், கழுவுவதற்கு ஆள் இல்லை. வடக்கில் இருப்பதில் என்ன இருக்கிறது, தெற்கில் ஒருவரும் இல்லாவிட்டால்? யோகராணி வாய்விட்டே சொன்னார்: “முந்தி ஒரு ஒழுங்கு இருந்தது.”

அந்த ஒழுங்கை மீட்டுத் தந்தவரும் தலைவர் நிசாந்தனே. தொகுதியின் தென்கிழக்கு மூலையில் வெறும் சோளக்காடு கிடந்தது. அதில் இரண்டாம் கட்டமாக வீடுகள் கட்டப்போவதாக அறிவித்தல் பலகை நட்டிருந்தார்கள். தோல் தொட்டிகளும் குடிசைகளும் உண்மையில் அங்கேதான் இருந்திருக்கவேண்டும் என்று அவர் ஆராய்ந்து கண்டார். தியாகலிங்கத்தாரிடம் வரைபடத்தை நீட்டினார். தியாகலிங்கத்தார் டூலனின் தொட்டிகளை ஒவ்வொன்றாக அங்கே கொண்டுபோய் வைத்தார். இந்தத் தடவை, பென்சில் அவ்வளவு கனமாக இருக்கவில்லை.

மலர் வெளிவந்தது. வழவழப்பான தாள். வாழ்த்துச் செய்திகள் நிறைய. சாம்பலைப் பற்றிய பந்தி, இடம் போதாமையால், நீக்கப்பட்டிருந்தது. மக்கெய்யின் மகளும் அதோடு போய்விட்டாள்.

பிறகு ஒவ்வொருவருக்கும் என்ன ஆனது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

துவாரகாவும் ஜெயந்தனும் நகரசபைப் பதிவு அறையில் கல்யாணம் செய்தார்கள். இரண்டு பக்கத்துப் பெற்றோரும் அழைக்கப்பட்டார்கள், போனார்கள், படமெடுத்துக்கொண்டு திரும்பினார்கள். பிள்ளைகள் ரொரன்ரோ நகருக்குள், சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடியில், வாடகைக்கு இருக்கிறார்கள். ஹார்வெலுக்கு வருவதில்லை. வேலைக்குக் கிட்ட என்றபடியால் அங்கே இருக்கிறார்கள் என்று தவமணி எல்லோருக்கும் சொல்லுகிறார். குஞ்சித்தம்பி ஒன்றியத்தின் உப தலைவர். காணி விசயத்தில் அவரைப் போலக் கறாரான ஆள் இல்லை. யோகராணிக்குக் கல்யாணப் பொருத்தம் கூடிப்போய், ஓர் உதவியாளர் வைத்திருக்கிறார். ஜாதகம் கேட்பதை விட்டுவிட்டார். தியாகலிங்கத்தாருக்குப் பொன்னாடை போர்த்தி, ‘வரலாற்றுச் செம்மல்’ என்று பட்டம் கொடுத்தார்கள். ஏற்புரைக்கு எழுந்து ஒலிவாங்கி முன்னால் வெகுநேரம் நின்றார், பிறகு இருந்துவிட்டார். மிக ஆழமான உரை என்று பேசிக்கொண்டார்கள். மகள் அவரிடம் ரெலிபோனில் உடம்பைப் பற்றிக் கேட்பாள். வேறொன்றும் கேட்பதில்லை.

இரண்டாம் கட்ட வீடுகளுக்கு இப்போதுதான் அத்திவாரம் வெட்டுகிறார்கள். எல்லாம் விற்றாகிவிட்டது, நிசாந்தன் மூலம். வாங்கியவர்களில் சிலர் இன்னும் ஸ்காபரோ அப்பார்ட்மெண்டில் பெட்டி கட்டவில்லை. அங்கே பிறக்கப்போகிற பிள்ளைகள் இன்னும் பிறக்கவில்லை. அவர்களுடைய பெயர் எங்களுக்குத் தெரியாது. அவர்கள் என்ன ஆட்கள் என்பது தெரியும்.